அளக்கும் முன் கேளுங்கள்: உடற்கட்டு அளவீடும் வீரர்களின் மனநலமும்

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்காக. ஒருவர், சிறிய விளையாட்டுக் கழகமொன்றில் பயிற்சியாளராகவோ உதவியாளராகவோ இருப்பவர். மற்றவர், அந்தக் கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாயோ தகப்பனோ. இத்தாலியின் பலெர்மோ நகரில் வுச்சீரியாச் சந்தைப் பக்கம், சான் தொமேனிக்கோ தேவாலயத்துக்கும் லா காலா துறைமுகத்துக்கும் இடையே கிடக்கும் சந்துகளைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்களுக்கும் படிகள் இவைதான். உதவி எண்கள் மட்டும் வேறு. அவற்றையும் கடைசியில் தந்திருக்கிறேன்.

உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அளப்பது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஆனால் தவறாகச் செய்தால் ஒரு பிள்ளையின் சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிடும். 2022 அக்டோபர் இறுதியில், இத்தாலியின் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தேசிய அணியில் இருந்த நீனா கொர்ராதீனி 'லா ரெபுப்ளிக்கா' நாளிதழிடம் பேசினார். மிலானுக்கு அருகே தேசியோ ஊரிலுள்ள பயிற்சி மையத்தில் தினமும் மற்றவர்கள் முன்னால் எடை பார்த்ததையும், எடையைச் சொல்லி அவமதித்ததையும் விவரித்தார். அவரைத் தொடர்ந்து, அதே அணியில் இருந்த அன்னா பாஸ்தா பேசினார். பிறகு இன்னும் பலர். பயிற்சியாளர் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் சொன்ன கதையில் வந்த கருவி சாதாரண எடை பார்க்கும் கருவிதான். கருவி எளிமையானது என்பதற்காக அதன் காயம் சிறியதாகிவிடாது.

அளக்கத்தான் வேண்டுமா?

தோல்மடிப்பின் தடிமனை அளக்கும் காலிப்பர் கருவியைக் கையில் எடுக்கும் முன் இந்தக் கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். ஒன்றில் தடை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

1. வீரருக்கு 18 வயது ஆகிவிட்டதா? ஆகவில்லையென்றால், மருத்துவக் காரணம் இல்லாமல் உடற்கட்டை அளக்க வேண்டாம். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர் குழுவொன்று 2023இல் வெளியிட்ட பரிந்துரையும் இதுவே. வளரும் பிள்ளைக்குக் கொழுப்பும் எடையும் கூடுவது வளர்ச்சியின் பகுதி. பருவமடையும் காலத்தில் அதை மாதாமாதம் எழுதிவைத்து யாருக்கும் பயனில்லை.

2. இந்த எண் கிடைத்தால் பயிற்சியிலோ உணவிலோ எதை மாற்றப்போகிறீர்கள்? விடையை ஒரே வரியில் எழுதுங்கள். "சும்மா தெரிந்துகொள்ள" என்பது விடை ஆகாது.

3. அதே தகவல் வேறு வழியில் கிடைக்குமா? ஓட்ட நேரம், தாண்டும் உயரம், எத்தனை முறை புல்-அப் எடுக்கிறார், பயிற்சி முடிந்த மறுநாள் எப்படி இருக்கிறார்: பெரும்பாலான கேள்விகளுக்கு இவையே விடை சொல்லிவிடும்.

4. இவருக்கு முன்பு உணவுப்பழக்கக் கோளாறு இருந்ததா? இப்போது சந்தேகம் உண்டா? இருந்தால் கழகத்தில் யாரும் அளக்கக் கூடாது. அது மருத்துவரின் வேலை.

5. அளக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா? கினாந்த்ரோபொமெட்ரி அளவீட்டுக்கான சர்வதேச அமைப்பான இசாக் படிநிலைச் சான்றிதழ் தருகிறது. முதல் நிலையாவது முடித்தவர் வேண்டும். இணையக் காணொளி பார்த்துப் பழகியவர் போதாது.

இத்தாலியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. போட்டி நிலையில் விளையாடுபவர்கள் விளையாட்டு மருத்துவரிடம் சான்றிதழ் பெற்றே ஆக வேண்டும்; பெரும்பாலான விளையாட்டுகளில் அது ஆண்டுக்கொரு முறை. இ.சி.ஜி., சிறுநீர்ப் பரிசோதனை, மூச்சுத்திறன் சோதனை எல்லாம் அங்கேயே நடக்கிறது. உயரமும் எடையும் அங்கேயே பதிவாகின்றன. கழகம் தனியாக ஒரு எடைப் பதிவேடு திறக்க வேண்டிய தேவை அதனால் இன்னும் குறைகிறது. என் கருத்து: ஐந்து கேள்விகளையும் நேர்மையாகக் கேட்டால் பத்துக் கழகங்களில் எட்டு இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடலாம். அது தோல்வி அல்ல, நல்ல முடிவு.

எந்தக் கருவி எதைச் சொல்லும்

எடை பார்க்கும் கருவி மொத்தத்தை மட்டும் சொல்லும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் ஒரு கிலோ ஏறும். அதில் கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ., தசை மிகுந்த வீரரைப் 'பருமன்' என்று சொல்லிவிடும்.

காலடியில் மெல்லிய மின்னோட்டம் விட்டுக் கொழுப்புச் சதவீதம் காட்டும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை உடலின் நீர் அளவை வைத்தே கணிக்கின்றன. ஜூலை மாதப் பலெர்மோ வெயிலில் பயிற்சி முடித்து வந்து ஏறினால் ஒரு எண், காலையில் ஏறினால் வேறு எண். பேஸ்மேக்கர் பொருத்தியவர் இதில் ஏறவே கூடாது.

டெக்சா ஸ்கேன் எலும்பு, கொழுப்பு, மற்ற திசு என்று மூன்றாகப் பிரித்துத் தரும். கதிர்வீச்சு மிகக் குறைவுதான். ஆனாலும் அது எக்ஸ்ரே. மருத்துவர் சீட்டில்லாமல் போக வேண்டாம், கருவுற்றிருந்தால் கூடவே கூடாது. 2023 ஜனவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தேசிய அணித் தேர்வு அளவுகோல்களில் டெக்சாவைச் சேர்த்த செய்தி வந்ததிலிருந்து, பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அது வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. வேண்டாம். அது மருத்துவர் குழுவும் ஊட்டச்சத்து நிபுணரும் பக்கத்திலேயே இருக்கும் பெரியவர்களுக்கான ஏற்பாடு.

மிச்சம் இருப்பது தோல்மடிப்பு அளவீடு. மலிவானது, நன்றாகப் பழகியவர் கையில் நம்பகமானது. ஆனால் இதில்தான் ஒருவர் மற்றவரின் உடலைத் தொட்டுக் கிள்ளுகிறார். எனவே இதைத்தான் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

அளப்பதற்கு முந்திய வாரம்

1. வீரரிடம் தனியாகப் பேசுங்கள், குழுவாக அல்ல. எதற்காக, எங்கே தொடுவார்கள், யார் பார்ப்பார்கள், தாள் எங்கே இருக்கும் என்று நான்கையும் சொல்லுங்கள்.

2. மறுக்க இடம் கொடுங்கள். மறுப்புக்கு விலை இல்லை என்பதையும் சொல்லுங்கள். வார்த்தை கிடைக்காவிட்டால் இப்படிக் கேட்கலாம்: "தங்கச்சி, வாற கிழமை அளக்கிறது உனக்கு விருப்பமோ? இல்லையெண்டா விட்டிடலாம். அதுக்காக அணியில உன்ர இடம் போகாது." கேட்டுவிட்டு உடனே பதில் வாங்காதீர்கள். இரண்டு நாள் கழித்துச் சொல்லட்டும். பயிற்சியாளர் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு வராது.

3. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மருத்துவக் காரணத்துக்காக 18க்குக் கீழுள்ளவரை அளப்பதென்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

4. பெற்றோருக்கு இத்தாலி மொழி வராவிட்டால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் உடலைப் பற்றிய மருத்துவரின் சொல்லைத் தாய்க்குத் தமிழில் சொல்லும் பொறுப்பை ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் விட்டால், அவள் பாதியை மறைப்பாள், மறைப்பதுதான் இயல்பு. சுகாதார மையத்தில் மெதியத்தோரே எனப்படும் மொழி இடையாளரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் உறவுக்காரர் அல்லாத ஒரு பெரியவரை அழையுங்கள்.

5. மனநிலையைக் கேளுங்கள். சாப்பாட்டைப் பற்றி எப்போதும் யோசனையா, எடை பார்க்கும் நாளை நினைத்தால் நெஞ்சு படபடக்கிறதா, சாப்பிட்டபின் குற்ற உணர்ச்சி வருகிறதா, பெண்ணென்றால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா. எதற்காவது தயங்கினால் அளவீட்டைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். மாதவிடாய்க் கேள்வியை ஒரு பெண் கேட்பதே நல்லது.

அளக்கும் நாள்

இடம் முதலில். பழைய நகரின் கட்டடங்களில் வாடகைக்கு எடுத்த கூடங்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதவு, ஒரே உடைமாற்றும் மூலை. அங்கே அளக்காதீர்கள். பூட்டும் கதவுள்ள அறை இல்லையென்றால் அன்று அளவீடு இல்லை.

நேரம் அடுத்தது. காலையில், சாப்பிடும் முன், சிறுநீர் கழித்தபின், பயிற்சிக்கு முன். பலெர்மோவின் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரோசாலியாவைக் கும்பிட்டு வந்த மறுநாள் காலை வேண்டாம். உடலில் நீர் குறைந்திருக்கும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் நீர் தேங்கும் என்பதால் அந்த நாட்களையும் தவிர்க்கலாம்.

1. அறையில் மூன்று பேர்: அளப்பவர், எழுதுபவர், வீரர். வீராங்கனையென்றால் மற்ற இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் அறைக்குள் வரக் கூடாது. தேர்வு செய்பவர் கண்முன்னே அளக்கப்படுவது வேறு வகையான அழுத்தம்.

2. எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொல்லும்போது தணிந்த குரலில் சொல்லட்டும். வீரருக்கு எண் கேட்க விருப்பமில்லையென்றால் எழுதி உங்களுக்குள் மட்டும் காட்டிக்கொள்ளுங்கள்.

3. உடலின் வலது பக்கத்தில் அளவுப் புள்ளிகளைப் பேனாவால் குறியுங்கள். இசாக் முறையில் எட்டு இடங்கள்: மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை, மேற்கையின் முன்புறம், இடுப்பெலும்பின் மேல்விளிம்பு, அதற்கு முன்னால் சற்றுக் கீழே, வயிறு, முன்தொடை, கெண்டைக்காலின் உட்புறம். ஒவ்வொரு இடத்தைத் தொடும் முன்பும் "இப்போது வயிற்றுப் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

4. இடது கைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் சேர்த்துப் பிடியுங்கள், தசையைப் பிடிக்காதீர்கள். விரலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காலிப்பரை வையுங்கள். பிடியைத் தளர்த்தாமல், காலிப்பர் முழு அழுத்தம் கொடுத்த இரண்டாவது விநாடியில் எண்ணைப் படியுங்கள்.

5. எட்டு இடங்களையும் ஒருமுறை முடித்துவிட்டு இரண்டாம் சுற்று. ஒரே இடத்தை அடுத்தடுத்து அமுக்கினால் எண் குறைந்துகொண்டே போகும்.

6. இரண்டு சுற்றுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாவது முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். இல்லையென்றால் இரண்டின் சராசரி.

7. எட்டையும் கூட்டி மில்லிமீட்டரில் எழுதுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். கொழுப்புச் சதவீதமாக மாற்ற வேண்டாம். ஒரே ஆளின் ஒரே அளவை வெவ்வேறு சூத்திரத்தில் போட்டால் வெவ்வேறு சதவீதம் வரும். ஆனால் பிள்ளையின் மனத்தில் அந்தச் சதவீதம் தீர்ப்பாக உட்கார்ந்துவிடும்.

குறிப்பு: நடுவில் "வேண்டாம்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டே இடந்தான்" என்று சொல்லாதீர்கள்.

எண்ணைச் சொல்லும் விதம்

உடனே சொல்லாதீர்கள். தனியாக உட்காரவைத்து, முந்தைய அளவோடு மட்டும் ஒப்பிட்டு, அளவீட்டின் பிழை எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன முறை 72 மில்லிமீட்டர், இந்த முறை 70 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையின் பிழையே அந்த இரண்டு மில்லிமீட்டரை விழுங்கிவிடும். "மாற்றம் இல்லை" என்பதே அங்கே சரியான சொல். "குறைஞ்சிருக்கு, சந்தோசம்" என்று சொன்னீர்களானால், குறைவது நல்லது என்று ஒரு பாடம் நடத்திவிட்டீர்கள். அடுத்த முறை கூடினால் அந்தப் பிள்ளை உங்களுக்கு ஒளிக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் அளக்கத் தேவையில்லை. தாள் வீரருடையது, கழகத்தில் ஒரு பிரதி, பூட்டிய இடத்தில். வாட்ஸ்ஆப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

எண்ணை அணியில் இடத்தோடு கட்டிவைப்பது. "அடுத்த மாதத்துக்குள் இவ்வளவு இறங்கினால்தான் போட்டி" என்ற ஒரு வரி எல்லா முன்னேற்பாடுகளையும் பாழாக்கிவிடும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகள அணியின் முன்னாள் வீராங்கனைகள் 2021இல் எண்களின் அழுத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அங்கே பயன்பட்டது டெக்சா. கருவி மிகத் துல்லியமாக இருந்தும், எண்களைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைத்ததாகவும் நோயில் விழுந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள்.

சுவரில் பட்டியல் ஒட்டுவது. ஒருவருக்கொருவர் ஒப்பிடுவது. எடை கூடினால் கூடுதல் சுற்று ஓடவைப்பது. இவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை, செய்யாதீர்கள்.

எடைப்பிரிவு விளையாட்டில் கடைசி நேர வற்றவைப்பு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதியிழந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இரவு முழுக்க வியர்த்தும், முடியை வெட்டியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. நீரிழப்பால் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. மறுநாள் ஓய்வை அறிவித்தார். சுற்றிலும் வல்லுநர் குழு இருந்த ஒலிம்பிக் வீராங்கனைக்கு நடந்தது இது. 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை இறக்கும் முயற்சியில் உயிரையே விட்டார்கள். உங்கள் கழகத்தில் மல்யுத்தமோ குத்துச்சண்டையோ கபடியோ இருந்தால் விதி ஒன்றுதான்: பயிற்சிக் காலத்தில் இயல்பாக இருக்கும் எடைக்கு ஏற்ற பிரிவில் பெயர் கொடுங்கள். ரப்பர் உடை, நீராவி அறை, நீர் குறைக்கும் மாத்திரை மூன்றும் தடை.

வீட்டில், கொண்டாட்டத்தில், சந்தையில்

கழகம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ ஒரு மாமி "என்ன பிள்ளை, கொழுத்திட்டாய்?" என்று கேட்டுவிடுவார். அன்பில்தான் கேட்கிறார். அடுத்த மாதம் அதே வாய் "வாடிப்போனாய், தாய் சாப்பாடு தாறேல்லையோ?" என்று கேட்கும். பெற்றோர் அந்த இடத்திலேயே, சிரித்த முகத்தோடு, பேச்சை மாற்ற வேண்டும்: "அவ இப்ப நல்லா ஓடுறா மாமி, போன கிழமை போட்டியைக் கேளுங்கோ." பிள்ளை காது கேட்கச் சொல்லுங்கள். தன் உடலுக்காக ஒருவர் பேசினார் என்பது அதற்கு நினைவிருக்கும்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி குளியலறையில் இருந்தால் அலமாரிக்குள் வையுங்கள்.

உணவில் நல்லது கெட்டது என்று பெயர் ஒட்டாதீர்கள். வுச்சீரியாவில் மாலையில் பனெல்லே பொரிக்கும் வாசனையைத் தாண்டி ஒரு பதினாறு வயது ஓட்டக்காரர் பயிற்சி முடித்து வருகிறார். பனெல்லே என்பது கடலை மாவுப் பலகாரம். எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் அதில் உண்டு. வெறும் வயிற்றோடு வீடு போய்ச் சேர்வதைவிட அதைத் தின்பது நல்லது. ஸ்பின்சியோனே ரொட்டியும் அப்படியே. பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும். வீட்டுப் புட்டும் முட்டையும் கிடைத்தால் இன்னும் நல்லது. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத உடல் முதலில் மாதவிடாயை, எலும்பை, மனநிலையை விட்டுக்கொடுக்கும். ரெட்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான், ஆண்களுக்கும் வரும்.

எப்போது மருத்துவரிடம்

பின்வருவனவற்றில் ஒன்று தெரிந்தாலும் அளவீட்டை நிறுத்தி, குடும்ப மருத்துவரையோ குழந்தை மருத்துவரையோ அந்த வாரமே பார்க்கச் செய்யுங்கள்:

• மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராதது, அல்லது 15 வயதாகியும் தொடங்காதது
• எலும்பில் அழுத்த முறிவு. மாறி மாறி வரும் காயங்கள்
• அணியோடு சேர்ந்து சாப்பிடாமல் ஒதுங்குவது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போவது
• யாருக்கும் தெரியாமல் கூடுதல் பயிற்சி
• எப்போதும் குளிர், மயக்கம், தூக்கமின்மை, எரிச்சல், அழுகை

மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், உயிரை விடும் எண்ணத்தைச் சொன்னால் காத்திருக்க வேண்டாம்: இத்தாலியில் 112. அங்கே உணவுப்பழக்கக் கோளாறுக்கான இலவச எண் 800 180 969. பலெர்மோவில் கன்சுல்தோரியோ எனப்படும் பொதுக் குடும்ப நல மையத்தில் வளரிளம் பருவத்தினர் கட்டணமின்றிப் பேசலாம். மனநல உதவிக்குத் தமிழ்நாட்டில் 104, அல்லது டெலி-மானஸ் 14416. இலங்கையில் 1926.

கழகத்திலேயே அவமதிப்பு நடந்தால், அதற்கென நியமிக்கப்பட்ட பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். இத்தாலியில் பதிவுபெற்ற விளையாட்டுக் கழகங்கள் அப்படி ஒருவரை நியமிப்பது இப்போது சட்டக் கடமை. பெயர் தெரியாவிட்டால் கழகத்தில் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் போன வீரரின் இடத்தை அணியில் வைத்திருங்கள். கிழமைக்கொருமுறை போன் எடுங்கள். எடை பற்றிக் கேட்காதீர்கள், சாப்பிட்டாரா என்றும் கேட்காதீர்கள், அணியில் நடந்ததைச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது பழைய சீருடை இறுக்கமாக இருந்தால் அவர் கேட்கும் முன்பே வேறு அளவு எடுத்துவையுங்கள். பயிற்சி எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். அளவீட்டுப் பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள். மருத்துவர் எழுத்தில் கேட்டாலன்றி மீண்டும் சேர்க்க வேண்டாம்.